நாலாவது பிரிவு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிக் காவல் துறையினருக்கு வகுப்பெடுக்க என்னைப் போன்ற வழக்கறிஞர்களை அவ்வப்போது அழைக்கிறார்கள். நானும் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் ஆய்வாளர்களுக்கும் துணைக் கண்காணிப்பாளர்களுக்கும் பாடம். சாயங்காலம், வழக்குப் பதிய மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட சேரி மக்களோடு உட்கார்ந்து எஸ்.பி.க்கு மனு எழுதும் வேலை. "அவங்களுக்கே போய்ப் பாடம் எடுக்குறீங்களா தோழர்?" என்று இயக்கத் தோழர்கள் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் வீடு வீடாகப் புகுந்து நொறுக்கியவர்கள் யார்? 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போன மக்களைத் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டி 17 உயிர்களைக் காவு வாங்கியவர்கள் யார்? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் வெளிவந்தது 1995 மார்ச் 31. கொடியன்குளம் நடந்தபோது அந்த விதிகளுக்கு வயது ஐந்து மாதம்.

ஆகவே இக்கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

"காவலர்களுக்குச் சட்ட அறிவு போதவில்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்" என்பதுதான் ஆட்சியாளர்கள் எப்போதும் சொல்வது. எந்தக் கட்சி வந்தாலும் வசனம் ஒன்றுதான். வகுப்பறையில் அவர்கள் முன்னால் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பொய். அவர்களுக்குச் சட்டம் தெரியும். அதில் எங்கே சந்து இருக்கிறது என்பது நம் வழக்கறிஞர்கள் பலரைவிட நன்றாகவே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. சாதியைச் சொல்லித் திட்டுவதும் இழிவுபடுத்துவதும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் குற்றம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை நான் சொல்லத் தொடங்கியதுமே ஒருவர் கையைத் தூக்குவார். "வீட்டுக்குள்ள வச்சுத் திட்டுனா செக்‌ஷன் நிக்காதுல்ல சார்?" 2020இல் உச்ச நீதிமன்றம் நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்ததைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு அவருக்கு மனப்பாடம். வீட்டு வாசல் கதவருகே நின்று திட்டினாலும் அது பொதுப் பார்வைதான் என்று அதே நீதிமன்றம் 2008இல் சொன்னது மட்டும் நினைவில் இருக்காது. அறியாமை என்றால் இரண்டையும் மறந்திருக்க வேண்டாமா? தெருக்குழாயடியில் ஊரே பார்க்க நடந்ததை ஒரு பெண் அழுதுகொண்டு சொல்வார். ரைட்டர் எழுதும்போது அது "இரு தரப்பாருக்கும் இடையே தண்ணீர் பிடிப்பதில் வாய்த்தகராறு" என்று ஆகிவிடும். சாதி போயிற்று. குழாயடி மட்டும் மிச்சம்.

இத்தனைக்கும் இந்தச் சட்டத்தின் பெயரே இன்னும் பல காவல் நிலையங்களில் புழக்கத்துக்கு வரவில்லை. ஊரிலும் நிலையத்திலும் இப்போதும் "பி.சி.ஆர் கேஸு" என்றுதான் பேச்சு. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1976இல் பி.சி.ஆர் என்று பெயர் மாறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ 1989இல் இயற்றப்பட்டு 1990 சனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கே இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது. "பி.சி.ஆர் போட்டுருவேன்னு மெரட்டுறாங்க சார்" என்று வகுப்பில் ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். அடி வாங்கியவன் சட்டத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு மிரட்டல் என்று பெயர்!

சரி, புகார் கொடுக்கப் போனால் என்ன நடக்கிறது? முதலில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். முதல் தகவல் அறிக்கை பதியச் சான்றிதழ் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பிறகு "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாம்மா" என்பார்கள். நாளைக்குப் போனால் ஒரு சி.எஸ்.ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் சனம், கேஸு போட்டாச்சு என்று நம்பி அதை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொள்ளும். அது எஃப்.ஐ.ஆர் அல்ல, மனு வந்தது என்பதற்கான துண்டுச்சீட்டு. இடைப்பட்ட நாட்களில் ஊர்ப் பெரியதனக்காரர்கள் நிலையத்துக்கு வந்து போவார்கள். சமாதானம் பேசப்படும். மசியவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது எதிர் வழக்கு. சேரி இளைஞர்கள் நாலு பேர் மேல் கொலை முயற்சி. "நீ அத வாபஸ் வாங்கு, அவன் இத வாபஸ் வாங்குவான்." இப்படி வாபஸ் வாங்க வைத்ததைத்தான் வகுப்பில் வந்து "பாதிக்குப் பாதி பொய்க் கேஸு சார்" என்கிறார்கள். பிழையான வழக்கு என்று எழுதி மூடுவதும் இவர்கள்தான், மூடியதைக் காட்டிப் பொய் வழக்கு என்பதும் இவர்கள்தான்.

பிடிக்கத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அப்போதும் சில வகை வழக்குகளில் பூர்வாங்க விசாரணைக்கு இடம் வைத்திருந்தார்கள். வன்கொடுமை வழக்குக்கு அதுவும் கிடையாது. 2018 மார்ச் 20 அன்று வந்த ஒரு தீர்ப்பு இச்சட்டத்தின் பல்லைப் பிடுங்கப் பார்த்தது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் வட மாநிலங்களில் நம் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த உயிர்களின் விலைதான் 18ஏ பிரிவு. பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைது செய்ய யாருடைய முன் அனுமதியும் தேவையில்லை என்கிறது அது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது புது வழி ஒன்று கிடைத்திருக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்கிறது. நம் சட்டத்தின் 3(1) குற்றங்களுக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை. "அப்ப இதுக்கும் அது பொருந்தும்ல சார்?" என்ற கேள்வி உடனே வருகிறது. பொருந்தாது. சிறப்புச் சட்டம் தெளிவாக வேண்டாம் என்று சொன்ன பிறகு பொதுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. புகார் கொடுக்கப் போகும் ஒவ்வொருவரும், கூடப் போகும் ஒவ்வொரு தோழரும் 18ஏ என்பதை வாயில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அந்த 14 நாளில் என்னென்ன பேசி முடிக்கப்படும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இனி விசயத்துக்கு வருகிறேன். காவல் துறைக்கு நடத்தப்படும் பாடத்திட்டங்களில் குற்றங்களின் பட்டியல் இருக்கும், தீருதவித் தொகை எவ்வளவு என்ற அட்டவணை இருக்கும், 60 நாளில் குற்றப்பத்திரிகை என்று இருக்கும். ஆனால் 4ஆவது பிரிவு வரும்போது மணி ஆகிவிடும். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இச்சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை சிறை என்பது அந்தப் பிரிவு. 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், எவையெல்லாம் கடமை என்று விரித்தே எழுதிவிட்டது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பதிய வேண்டும். பொருத்தமான பிரிவுகளைப் போட வேண்டும். நகலைக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்றைச் செய்யாமல் விட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி குற்றவாளி ஆகிறார். அதாவது சட்டம் காக்கிச் சட்டையைப் பார்த்துப் பேசும் ஒரே இடம் இதுதான்.

நான் இப்போதெல்லாம் இதிலிருந்துதான் வகுப்பைத் தொடங்குகிறேன். அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "துறை ரீதியா விசாரிச்சுப் பரிந்துரை வந்தாத்தானே சார் எங்க மேல போட முடியும்?" என்று ஒரு குரல் வரும். ஆமாம், அந்தப் பூட்டையும் சட்டத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் மேல் நடவடிக்கைக்கு அவருடைய மேலதிகாரிகளே விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டும். கள்ளனைப் பிடிக்கக் கள்ளனின் மாமனிடம் அனுமதி. இதனால்தான் இப்பிரிவு பெரும்பாலும் காகிதத்திலேயே தூங்குகிறது.

ஆனாலும் சில முறை விழித்திருக்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் 2003 சூலையில் காதலித்து மணந்ததற்காக நஞ்சு ஊற்றி எரிக்கப்பட்ட கண்ணகி - முருகேசன் வழக்கை நான் வகுப்பில் தவறாமல் சொல்கிறேன். மகனைக் கொன்றுவிட்டார்கள் என்று நிலையத்துக்குப் போன தகப்பனின் புகார் வாங்கப்படவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு பதிந்த வழக்கில், செத்தவன் தரப்பு தலித்துகளையே கொலைகாரர்களாகச் சேர்த்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 2021 செப்டம்பரில் கடலூரில் தீர்ப்பு வந்தபோது தண்டிக்கப்பட்டவர்களில் அன்றைய ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் இருந்தார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கவனியுங்கள், இடையில் கழிந்த 18 ஆண்டில் ஆய்வாளர் டி.எஸ்.பி ஆகி ஓய்வு பெற்றார், உதவி ஆய்வாளர் ஆய்வாளர் ஆனார். இதைச் சொல்லும்போது அறையில் சத்தமே இருக்காது. வேறு எந்தப் பாடத்துக்கும் வராத அமைதி. பயிற்சி என்பது வேலை செய்யுமானால் அது அந்த அமைதியில்தான் வேலை செய்கிறது. அன்பாலும் விழிப்புணர்வாலும் அல்ல, தானும் கூண்டில் ஏற நேரும் என்ற பயத்தால்.

கடைசி வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டார்கள். தேநீர் நேரத்தில் சுவரோரமாக வந்து பேசுவார்கள். "புகார வாங்கி உள்ள கொண்டு போனா, 'ஒன் ஆளுன்னா ஓடியாந்துருவியே'ன்னு ஐயா கேக்குறாரு சார். அப்பறம் ஒரு மாசம் பாரா டூட்டிதான்." இப்படிச் சொன்ன ஒரு காவலருக்கு என்னால் என்ன பாடம் நடத்த முடியும்? தலித்துகளைக் காவல் துறையில் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்தப் பாரா டூட்டியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் மாறினாலும் நிலையத்தின் சாதி மாறுவதில்லை. 1947இலேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கச் சொன்னார் பாபாசாகேப். அது வன்கொடுமைச் சட்டத்துக்குள் வர 2016 ஆயிற்று. காவல் நிலையத்துக்குள் நடக்கும் புறக்கணிப்பை யார் எழுதுவது?

எனவே தோழர்களுக்கு என் பதில்: நான் போவேன். நாம் போகாவிட்டால் அந்த நாற்காலியில் 'பொய் வழக்குகளைக் கண்டறிவது எப்படி' என்று வகுப்பெடுக்க ஆள் தயாராக இருக்கிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பயிற்சி கொடுத்தாயிற்று என்று அரசு கணக்குக் காட்ட நான் உடந்தையாக இருக்க முடியாது. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு அதிகாரியும் தன் நிலையத்தில் கடந்த ஓர் ஆண்டில் சேரி மக்கள் கொடுத்த புகார் எத்தனை, அதில் சி.எஸ்.ஆரோடு நின்றது எத்தனை, போட்ட எதிர் வழக்கு எத்தனை என்று எழுதி எடுத்து வரட்டும். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேரையாவது அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கட்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, சனவரியிலும் சூலையிலும், கூடியாக வேண்டும் என்று விதி 16 சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் 4ஆவது பிரிவில் எத்தனை அதிகாரிகள் மேல் வழக்கு என்ற ஒரு கேள்விக்காவது பதில் வைக்கட்டும்.

நம் பக்கத்து வேலை ஒன்றும் இருக்கிறது. உங்கள் சேரியில் யார் வீட்டிலாவது ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்த சி.எஸ்.ஆர் ரசீது இருந்தால் அதன் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். புகார் கொடுத்த தேதி, நிலையத்தில் என்ன சொன்னார்கள், பிறகு என்ன நடந்தது, இவ்வளவு எழுதினால் போதும். எழுத முடியாதவர்களுக்குத் தோழர்கள் எழுதிக் கொடுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்த ரசீதுக் கட்டோடுதான் போகப் போகிறேன்.