மனச்சோர்வு: ஒரு கதை தளர்ந்தபின்

இலக்கிய வாசகர்களாகிய நமக்குத் துயரத்தின்மீது எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு. வாடிய முகத்தை ஆழத்தின் அடையாளமாகவும், உறக்கமற்ற இரவுகளைப் படைப்புக்குக் கொடுக்கும் விலையாகவும் எண்ணிப் பழகிவிட்டோம். வீடுகளிலோ வழக்கு வேறு: "வேலை வெட்டி இருந்தால் இதெல்லாம் வருமா?" என்பார்கள். இரண்டுமே ஒரு நோயை நோயென்று ஏற்க மறுப்பவை. அன்றாட நெருக்கடிக்கும் இந்நோய்க்கும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைப் புழங்கும் நம் நாளிதழ்கள் குழப்பத்தை வளர்க்கின்றன. நாம் மனச்சோர்வு என்றே எழுதுவோம்.

இப்பார்வைகளுக்கு எதிராக நெடுநாள் சொல்லப்பட்ட எளிய விடை, 'மூளையில் செரடோனின் குறைந்துவிட்டது' என்பது. மருந்துகளின் விளைவிலிருந்து பின்னோக்கி ஊகிக்கப்பட்ட கதை அது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியாசிட் நோயாளிகள் சிலரை உற்சாகம் கொள்ளச் செய்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்து ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த ரெசர்பைனோ சிலரைச் சோர்வில் ஆழ்த்தியதாக மருத்துவர்கள் குறித்தனர். நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் செரடோனின், நார்அட்ரினலின் முதலியவை சிதைவதை முன்னது தடுக்கிறது. பின்னது அவற்றின் கையிருப்பைக் கரைக்கிறது. எனவே அவை குறைவதே நோய் என்ற கருதுகோள் 1960களில் உருப்பெற்றது. 1987இல் அமெரிக்காவில் ஃப்ளூவாக்ஸெடின் அனுமதி பெற்றபின் அது மருந்து விளம்பரங்களிலும் இடம்பிடித்தது.

பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் தணிகிறது என்பதால், உடலில் பாராசிட்டமால் குறைந்ததே காய்ச்சல் என்று எவரும் சொல்வதில்லை. மாத்திரை சில மணி நேரத்திலேயே செரடோனினைப் பாதிக்கத் தொடங்குகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. 2022இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, செரடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றனர். உடனே 'மருந்தே மோசடி' என்ற குரல்கள் எழுந்தன. இது பிழையான தாவல். மருந்து பலன் தருகிறதா என்பதும், ஏன் தருகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2018இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு 522 சோதனைகளைக் கொண்டு 21 மருந்துகளை ஆராய்ந்தது. அனைத்துமே போலி மாத்திரையைவிட மேலானவை என்று கண்டது. அந்த மேன்மை மிதமானதே, ஆனால் மெய்யானது.

வேதியியலுக்கு அப்பால் மூளையின் அமைப்பிலும் தடயங்கள் உண்டு. நினைவோடு நெருங்கிய தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் மனச்சோர்வு கொண்டோரிடம் சராசரியாகச் சற்றே சிறுத்திருக்கிறது. 1,728 நோயாளிகளின் ஸ்கேன்களை நலமாக இருந்தோரின் ஸ்கேன்களோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில் வேறுபாடு ஏறத்தாழ 1 சதவீதமே. நோய் மீண்டும் மீண்டும் வந்தோரிடம் அது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே ஸ்கேனை மட்டும் பார்த்து ஒருவருக்கு இந்நோய் உண்டென்று சொல்ல இயலாது. சிறுத்ததால் நோய் வந்ததா, நோயால் சிறுத்ததா என்பதும் முற்றாகத் தீரவில்லை. நீடித்த நெருக்கடியில் ஹிப்போகேம்பஸின் நரம்புச் செல்கள் தம் கிளைகளைச் சுருக்கிக்கொள்வதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. நெருக்கடி நீங்கினால் அவை மீண்டும் தழைப்பதையும் காட்டியுள்ளன. மனிதர்களிடம் மின்னதிர்வுச் சிகிச்சைக்குப் பின் இப்பகுதியின் அளவு கூடுவது ஸ்கேன்களில் பதிவாகியுள்ளது. குணமடைவதற்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் மூளை மாறக்கூடியது என்பதற்கு இவை சான்று.

செரடோனின் கதை எளிமையானது; நோயாளியின்மீது விழுந்த பழியைச் சற்றே துடைத்தது. அக்கதை தளர்ந்துவிட்ட இன்று பழி திரும்பி வந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை. 'ரசாயனக் குறையில்லை என்றால் மனக் குறைதானே?' என்று கேட்போர் வருவர். காரணம் முழுதாக விளங்காத நோயும் நோயே. ஆகவே நம் வட்டத்தில் எவரேனும் எழுதுவதை நிறுத்தி, உண்பதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டால், அதைக் கவிமனம் என்று வியப்பதை விட்டு, மருத்துவரிடம் உடன் செல்வோம். ஏற்கெனவே மாத்திரை உண்போர் ஒரு கட்டுரையைப் படித்து, அது இக்கட்டுரையாகவே இருப்பினும், திடீரென நிறுத்த வேண்டாம். நிறுத்துவதும் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகச் செய்ய வேண்டிய காரியம்.