பேஸ் வாசிச்சது ஆர்?

போன மாதம் விடுதியில் ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாக வாற வாய்த்தர்க்கம்தான். நான் எட்டு டொலர் குடுத்து ஒரு ஜாஸ் கிளப் நேரடி ஒலிப்பதிவை வாங்கியிருந்தேன். அறைத்தோழன் கேட்டான்: "யூரியூப்பில சும்மா கிடக்குதுதானே, உனக்கென்ன விசரா?"

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா வீடியோ கோலில் தன்ர இசைத்தட்டு அலுமாரியைக் காட்டினார். இலக்கமிட்ட பதிப்புகள், கனமான வைனல்கள், எல்லாம் வரிசையாக. பலவற்றின் பிளாஸ்ரிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. "ஏன் சித்தப்பா பிரிக்கேல்லை?" எண்டு கேட்டேன். "பிரிச்சா விலை விழுந்திடும் தம்பி" என்றார்.

ஒருத்தன் வாசித்தவருக்குக் காசு குடுக்க மாட்டேன் என்கிறான். மற்றவர் காசு குடுத்துவிட்டு, வாசித்ததைக் கேட்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேருக்கும் அந்த இரவில் அந்த மேடையில் நின்று வாசித்த மனிசர் தேவைப்படவில்லை. சின்ன லேபிள்கள் வெளியிடுகிற கிளப் ஒலிப்பதிவுகளைச் சேகரிப்பதைப் பற்றி இந்த இரண்டு பேரோடும் சேர்த்தே சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த ஒலிப்பதிவு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஒரு நிலக்கீழ் அறை. 123 பேர் இருக்கலாம், அவ்வளவுதான். பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸில் ஸ்கொட் லஃபாரோ, ட்ரம்ஸில் போல் மோஷன். பின்னேரம் இரண்டு தடவை, இரவு மூன்று தடவை என ஐந்து முறை மேடையேறினார்கள். ரிவர்சைட் என்ற சின்ன லேபிள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து எல்லாவற்றையும் பதிந்தது. கண்ணாடிக் குவளைகள் முட்டுகிற சத்தம் கேட்கும். ஆட்கள் கதைக்கிறதும் சிரிக்கிறதும் கேட்கும். முதல் பாட்டின் நடுவிலேயே மின்சாரம் தடைப்பட்டு நாடாவில் ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது. கரண்ட் போறது நியூயோர்க்கிலும் நடந்திருக்கிறது எண்டதில எனக்கொரு அற்ப சந்தோசம்.

ஜூலை 6, அதே வருடம், லஃபாரோ கார் விபத்தில் செத்துப்போனார். வயது 25. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அவருடைய சாவுக்கும் இடையில் பதினொரு நாள். எவன்ஸ் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மேடைப்பக்கம் போகவேயில்லை. அந்த லேபிள்காரர் "அடுத்த மாதம் பதிவோம்" என்று நினைத்திருந்தால், அந்த மூன்று பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வாசிப்பு முறையின் உச்சம் அந்த அறையோடேயே போயிருக்கும். பேஸ் என்பது பின்னால் நின்று தாளத்துக்கு ஒத்தடம் குடுக்கிற வாத்தியம் என்ற எண்ணத்தையே லஃபாரோ உடைத்தார். பியானோவோடு சரிக்குச் சரி நின்று கதைத்தார். பாட்டு வெட்டுப்பட்டதென்று சொன்னேனே, அது அவர் எழுதின பாட்டு.

இனி என் அறைத்தோழனிடம் வருகிறேன். அவன் கேட்கிற இடத்தில் இந்தப் பாட்டு எப்படிக் கிடக்கிறது? "படிக்கும்போது கேட்க ஜாஸ்", "மழைநேரக் கோப்பி ஜாஸ்" என்ற மாதிரி மூன்று மணித்தியாலத் தொகுப்பு. மேலே கோப்பிக் கோப்பையின் படம். யார் வாசித்தது? இல்லை. எப்போது? இல்லை. எந்த அறை? இல்லை. காசு குடுத்துக் கேட்கிற செயலிகளில்கூட பேஸ் வாசித்தவரின் பெயரைக் கண்டுபிடிக்கத் தேடி அலைய வேண்டும். இசை இருக்கிறது, இசைக்காரர் இல்லை.

இது புது வியாதியும் இல்லை. 1947, 48இல் டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கருக்குப் பின்னால் கிளப் கிளப்பாகத் திரிந்து பதிந்தார். லோஸ் ஏஞ்சல்ஸில் தட்டில் வெட்டினார், பிறகு நியூயோர்க்கில் கடதாசி நாடாவில் பதிந்தார். பார்க்கர் தனித்து வாசிக்கும்போது மட்டும் கருவி ஓடும். மற்றவர்களின் முறை வந்தால் நிறுத்திவிடுவார். ட்ரம்பெற்காரர் எழும்பி நிற்கிற இடத்தில் வெட்டு. பியானோ தொடங்குகிற இடத்தில் வெட்டு. நாற்பது வருடத்துக்கு மேல் கதையாக மட்டும் இருந்த அந்தப் பதிவுகளை, மொசைக் என்ற சின்ன லேபிள்தான் 1990இல் தேடித் துப்புரவாக்கி வெளியிட்டது. பெனடெட்டியை நான் திட்ட மாட்டேன். தட்டும் நாடாவும் விலை, அவர் தன் செலவில் பதிந்தார், தன்ர வாத்தியத்துக்காகப் படித்தார். எங்களுக்கு அந்தச் சாட்டு ஏதும் இருக்கா? பேஸ்காரரையும் ட்ரம்ஸ்காரரையும் நாங்கள் வெட்டுகிறது வெறும் சோம்பலால்.

"சரி, பெயர் தெரியாட்டி என்ன, பாட்டு நல்லாத்தானே இருக்கு" என்பான் தோழன். பெயர் போனால் கூடவே கூலியும் போகும். அதுதான் பிரச்சினை.

இந்த இசை நடந்த கிளப்புகள் எப்படிப்பட்டவை என்று தெரியவேண்டும். நியூயோர்க்கில் 1940 தொடக்கம் 1967 வரை, மது விற்கிற இடத்தில் வாசிக்கப் பொலிஸ் குடுக்கிற அட்டை வேண்டும். அட்டையைப் பறித்தால் பிழைப்பில் மண். பில்லி ஹொலிடேயிடம் பறித்தார்கள். தெலோனியஸ் மங்க்கிடம் 1951இல் பறித்து, 1957 வரை அந்த நகரத்தின் கிளப்புகளில் வாசிக்கவிடாமல் வைத்திருந்தார்கள். 1959இல் பேர்ட்லாண்ட் வாசலில் தன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்ற மைல்ஸ் டேவிஸைப் பொலிஸ் அடித்து இரத்தம் வடிய இழுத்துப்போனது. கோப்பிக் கோப்பைப் படத்துக்குப் பின்னால் ஓடுகிற இசை இப்படியான இடங்களில் இரவு இரவாக வேலை செய்த கறுப்பின மனிசர்களின் உழைப்பு.

அந்த உழைப்பை அப்போதே களவெடுத்தவர்களும் இருந்தார்கள். பொரிஸ் ரோஸ் என்பவர் பேர்ட்லாண்டில் இருந்து வானொலியில் போன நிகழ்ச்சிகளை ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்து பதிந்தார். பிறகு இல்லாத கொம்பனிகளின் பெயரைத் தானே உண்டாக்கித் தட்டாக விற்றார். அவர் இல்லாவிட்டால் அந்த இரவுகள் பலதும் இன்று இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசித்தவர்களுக்கு அவர் விற்ற தட்டால் ஒரு சதமும் போகவில்லை. இன்று "உங்களுக்காகப் பதிவேற்றியிருக்கிறேன், சனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ" என்கிறவர் அவருடைய பேரப்பிள்ளை. விளம்பரக் காசு எங்கே போகிறதென்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, இருந்தது. 1971இல் ட்ரம்பெற்காரர் சார்ள்ஸ் டொலிவரும் பியானோக்காரர் ஸ்ரான்லி கவலும் ஸ்ராட்டா-ஈஸ்ற் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். அதில் மூலநாடா வாசித்தவருக்கே சொந்தம். தயாரிப்புச் செலவை அவரே போடவேண்டும், வருமானத்திலும் பெரும் பங்கு அவருக்குத்தான். தாங்கள் 1970இல் ஸ்லக்ஸ் என்ற கிளப்பில் வாசித்ததை இரண்டு தட்டுகளாக அவர்களே வெளியிட்டார்கள். பெரிய கொம்பனிகள் கதவைத் திறக்கும் என்று வாசலில் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

அடுத்த வருடம், 1972. கொப்பன்ஹேகனில் நில்ஸ் விந்தர் என்ற ஒரு பல்கலைக்கழக மாணவன். ஜாஸ்ஹூஸ் மொன்மார்ட் என்ற கிளப்பில் வாசிக்க வந்தவர்களிடம் அனுமதி கேட்டுப் பதிந்துகொண்டிருந்தான். ஜாக்கி மக்லீனின் பதிவு ஒன்றை வெளியிடுவதற்காகத் தொடங்கினதுதான் ஸ்ரீபிள்சேஸ் லேபிள். இன்னொரு மாணவன், நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கிளாபின். 1968 ஒக்ரோபர் 23, டொப் ஒஃப் த கேற் என்ற இடத்தில் பில் எவன்ஸின் மூவர் குழுவைப் பதிந்தான். வயது 22. பல்கலைக்கழக வானொலியில் ஒருமுறை போடத்தான் அனுமதி. அப்படியே ஒருமுறை போட்டுவிட்டு நாடாவை வைத்திருந்தான். 44 வருடம் கழித்து, 2012இல், உரிமைக்காரரோடு கதைத்து முடித்து, தான் தொடங்கிய ரெசொனன்ஸ் என்ற இலாபநோக்கற்ற லேபிளில் வெளியிட்டார். பொரிஸ் ரோஸின் கையிலும் நாடா இருந்தது, கிளாபின் கையிலும் நாடா இருந்தது. கிளாபின் கேட்டுவிட்டுச் செய்தார். வித்தியாசம் அவ்வளவும்தான், ஆனால் அதற்குள் எல்லாம் அடக்கம்.

எங்கட வயதுக்காரர் இதைச் செய்தவை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

இப்ப என் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். சின்ன லேபிள் என்றால் நல்லவர் என்று அர்த்தமில்லை. 1960களில் ஈஎஸ்பி-டிஸ்க், யாரும் தொடத் துணியாத இசையைத் துணிந்து வெளியிட்டது. கலைக்குள் கை வைக்கவில்லை. ஆனால் ரோயல்டி ஒழுங்காக வரவில்லை என்று அதில் வாசித்த பலர் பின்னாளில் குறை சொன்னார்கள். சின்ன லேபிள்கள் சாகவும் செய்யும். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பதிந்த ரிவர்சைட் 1964இல் வங்குரோத்து. அதனால் "சுயாதீன" என்ற சொல்லைக் கண்டவுடன் கும்பிடத் தேவையில்லை. வாசித்தவரின், அல்லது குடும்பத்தின் சம்மதம் இருக்கிறதா, பெயர்கள் எல்லாம் இருக்கிறதா, பங்கு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பாவிடமும் ஒரு கேள்வி. வருடத்தில் ஒருநாள் கடைவாசலில் வரிசையில் நின்று வாங்குகிற அந்த இலக்கமிட்ட தட்டுகள் ஆருக்காக? ரெசொனன்ஸ் போன்ற நல்ல லேபிள்களும் இந்த விளையாட்டுக்குள் நிற்கின்றன. முதலில் மட்டுப்படுத்தப்பட்ட வைனல், அடுத்த கிழமையே மீள்விற்பனைத் தளங்களில் ஏறுவிலை. ஏறின விலையில் ஒரு சதமும் வாசித்தவரின் குடும்பத்துக்குப் போகாது, விற்கிறவருக்குத்தான். தட்டோடு தடித்த கையேடு வருகிறது: நேர்காணல்கள், படங்கள், அந்த இரவின் கதை. அதே தொகுப்பைச் செயலியில் கேட்கிற எங்களுக்கு அந்தக் கையேட்டின் ஒரு பக்கமும் இல்லை. பெயர்களும் கதைகளும் நூறு டொலர்க்காரருக்கு, வெறும் சத்தம் மற்றவைக்கு. இந்தப் பிரிவினையை லேபிள்கள் செய்யக்கூடாது, சேகரிப்பவர்கள் கைதட்டக்கூடாது. பிரிக்காத தட்டு, சித்தப்பா, ஊமைத் தட்டு.

"எங்களிட்டக் காசில்லை" என்பது நியாயமான பதில். எனக்கும் இல்லை. டொலர் விலை எங்களுக்குத் தெரியும், அட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டுகிற கரைச்சலும் தெரியும். என்னிடம் தட்டுச் சுழற்றுகிற கருவி இல்லை, ஒரு பழைய ஹெட்போன் இருக்கிறது. இரண்டு வருடத்தில் நான் வாங்கியது ஒன்பது தொகுப்பு, எல்லாம் தரவிறக்கம். பாண்ட்காம்ப் போன்ற இடத்தில் வாங்கினால், குடுக்கிற காசில் சராசரியாக 82 வீதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போவதாக அவர்களே சொல்கிறார்கள். அதிலும் அனேகமான தொகுப்புகளை வாங்குவதற்கு முதல் முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம். நியூயோர்க்கின் ஸ்மோல்ஸ் கிளப் தன் மேடையில் நடக்கிறதை வருடக்கணக்காகப் பதிந்து வைத்து, எவ்வளவு நேரம் கேட்கப்பட்டது என்பதைப் பார்த்து வாசித்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிற ஒரு முறையையே உண்டாக்கியது. ஒன்பது தொகுப்பு ஒரு பெரிய சேகரிப்பு இல்லைதான். ஆனால் அந்த ஒன்பதிலும் யார் என்ன வாசித்தார்கள் என்று பார்க்காமல் சொல்லுவேன்.

அதைத்தான் நான் சேகரிப்பு என்கிறேன். காசு இருந்தால் வாங்குங்கள், நேரடியாக, ஒன்று என்றாலும். காசு இல்லாவிட்டால் கேளுங்கள், நான் பொலிஸ்காரன் இல்லை. ஆனால் பகிரும்போது நாலு விசயம் எழுதிப் பகிருங்கள்: ஆர் ஆர் வாசித்தது, எந்த அறையில், எந்தத் திகதி, எந்த லேபிள். கோப்பைப் படம் வேண்டாம். யாராவது ஒருத்தர் அதைப் பார்த்து ஒருநாள் வாங்குவார். வாங்காவிட்டாலும் ஒரு பெயர் இன்னொரு வாய்க்குப் போகும்.

சண்டை பிடித்த அன்றிரவு தோழனுக்கு அந்த 1961 பதிவின் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன், குவளைச் சத்தத்தோடு. அவன் என் பேச்சுக்கெல்லாம் மசியவில்லை. இன்னும் யூரியூப்தான். ஆனால் இரண்டு நிமிசம் கழித்து ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "மச்சான், இதில பேஸ் வாசிக்கிறது ஆர்?"

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். சித்தப்பாவுக்கும் இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.