அம்மா கேட்க மாட்டார்... நீங்கள்தான் வண்டியை நிறுத்தணும்!

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய் வந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். ‘‘ஊரெல்லாம் பார்த்தீங்களாம்மா?’’ என்றேன். ‘‘நயாகரா பார்த்தேன் டாக்டர். ஆனா, நீர்க்கடுப்புதான் ஞாபகம் இருக்கு’’ என்றார்.

நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்குக் காரில் சுமார் 7 மணி நேரம். ‘பையனை எத்தனை தடவைதான் நிறுத்தச் சொல்றது?’ என்று தண்ணீரே குடிக்கவில்லை. வந்த சிறுநீரையும் அடக்கியிருக்கிறார்.

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், தாகம், பசி, தூக்கம் எல்லாம் அதில் உண்டு. ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று பெற்றவர்களை இந்த நான்கையுமே அடக்க வைத்துவிடுகிறோம்!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே... கிடைத்த நாலு நாள் லீவில் எல்லாவற்றையும் காட்டிவிட ஆசைதான், தப்பில்லை. ஆனால், கோடையில் நியூயார்க் நேரம் நம்மூரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் ஒரு மணிக்குச் சோறு போட்டால், அவர்கள் உடம்பு ‘ராத்திரி பத்தரை, தூங்கு’ என்கிறது. முதல் ஒரு வாரம் நீண்ட பயணம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பூங்காவில் நடக்கட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அங்கே எந்த நேரத்தில் போடுவது என்று, புறப்படும் முன்பே அவர்களுடைய டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

காரை இரண்டு மணிக்கு ஒருமுறை நீங்களாகவே நிறுத்துங்கள். ‘போகணுமாம்மா?’ என்று கேட்டால், ‘வேண்டாம்ப்பா’ என்றுதான் பதில் வரும். ‘நான் போறேன், நீயும் வாம்மா’ என்று இறங்குங்கள்.

அவர்கள் பார்க்க வந்தது உங்களைத்தான். அருவி அப்புறம்!