பேய் வந்த வீடும் பொய் சொன்ன பெட்டியும்

சென்ற ஆனி மாதம், காரைக்காலில் மாங்கனி இறைத்து முடிந்த மறுநாள் இரவு, சுரக்குடியில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேர் அமர்ந்து ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற பழைய ஆங்கிலத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தோம். பேயுருவே திருவுருவாகத் தொழப்படும் ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேய்ப்படம் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்தது. படம் முடிந்தபின் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதன் ஒரு பகுதியே இது.

படத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. ஒளிபரப்பியது. எழுதியவர் ஸ்டீபன் வோக், இயக்கியவர் லெஸ்லி மேனிங். லண்டனின் புறநகர் ஒன்றில் பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் வீட்டிலிருந்து நேரலை என்ற பாவனையில் படம் ஓடுகிறது. உண்மையில் எல்லாம் மாதங்களுக்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டவை. அரங்கில் அமர்ந்து நடத்துபவர், மக்கள் பல்லாண்டுகளாக நம்பிய நேர்காணலாளர் மைக்கேல் பார்க்கின்சன். வீட்டுக்குள் செல்பவர், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பழகிய முகமான சாரா கிரீன். இருவரும் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றினர். திரையில் காட்டிய தொலைபேசி எண்ணும் மெய்யானது. அழைத்தவர்களுக்கு ‘இது கற்பனை’ என்று சொல்லும் பதிவு ஒலிக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் அழைப்புகள் குவிந்ததால் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தனர், பலர் நம்பிவிட்டனர். படம் பார்த்த அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 10 வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி 1994-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் குறிப்பு வெளிவந்தது. ஓர் இளைஞரின் தற்கொலைக்கு இப்படமே காரணம் என்று அவருடைய பெற்றோர் முறையிட்டனர். கற்பனை என்பதைக் குறிப்பாக உணர்த்தியதோடு நின்றது போதாது என 1995-இல் ஒளிபரப்புத் தர ஆணையம் பி.பி.சி.யைக் கண்டித்தது.

படத்தில் எம்மைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. வீட்டில் கேட்கும் தட்டல் ஓசைகளை மூத்த மகளே எழுப்புகிறாள் என்று பாதியில் கேமரா கண்டுபிடித்துவிடுகிறது. அரங்கில் நிம்மதி. பேய் இல்லை, பெண் பொய் சொன்னாள், அவ்வளவுதான். அதன் பிறகுதான் பேய் மெய்யாகவே எழுகிறது. அந்தச் சிறுமி ஏன் பொய் சொன்னாள்? எல்லோரும் எதிர்பார்த்ததை அவள் கொடுத்தாள். அப்படியானால் குற்றம் யாருடையது, தட்டியவளுடையதா, தட்டலைக் கேட்கக் கேமராவோடு வந்தவர்களுடையதா? இக்கேள்வியை எழுப்பியதாலேயே ‘கோஸ்ட்வாட்ச்’ வெறும் ஏமாற்று வேலையாகாமல் கலைப்படைப்பாகிறது என்பது எம் எண்ணம். குழந்தைகள் அஞ்சியது மெய். அதை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் படம் முடிவில் எழுத்தாளர் பெயர், நடிகர் பெயர் எல்லாவற்றையும் காட்டித் தன்னைக் கதையென ஒப்புக்கொண்டது.

இங்கே 2000-களில் தனியார் தொலைக்காட்சிகளில் வந்த ‘புலனாய்வு’ நிகழ்ச்சிகள் அந்த ஒப்புதலை ஒருபோதும் செய்ததாக எமக்கு நினைவில்லை. இருட்டில் ஆடும் கேமரா, பாழடைந்த பங்களா, பெயர் சொல்லாத சாட்சிகள், நடிகர்களைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டிய காட்சிகள், கடைசியில் ‘முடிவு உங்கள் கையில்’ என்ற தொனி. சென்னையின் டிமாண்டி காலனிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 2015-இல் வந்த திரைப்படம் கதையென்று சொல்லிக்கொண்டே வந்தது. அதில் எமக்குப் புகாரில்லை. ஆனால் அந்தத் தெருவைப் ‘பேய்த் தெரு’ என்று செய்திபோலத் திரும்பத் திரும்பக் காட்டியவர்களுக்குக் கதையின் பொறுப்பும் இல்லை, செய்தியின் பொறுப்பும் இல்லை.

நண்பர் ஒருவர், “பொழுதுபோக்குதானே, ஐயா” என்றார். வீடுகளோடு நின்றால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். அக்கேமராக்கள் தலைவிரித்து ஆடும் பெண்களிடமும் போயின. ‘பேய் பிடித்தவள்’ என்று தலைப்பிட்டுக் காட்டிய முகம் ஒரு குடும்பத்தில் வாழ வேண்டிய முகம். நோயைப் பேயென்றும் பில்லிசூனியமென்றும் நம்பி ஏர்வாடிக்கு அழைத்துவரப்பட்டவர்கள் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததும், 2001 ஆகஸ்ட் 6 விடியலில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டதும் இந்நிகழ்ச்சிகள் பெருகிய அதே பத்தாண்டின் தொடக்கத்தில்தான். அத்தீக்குத் தொலைக்காட்சி காரணம் என்று நாம் சொல்லவில்லை. அத்தீக்குப் பிறகும் அந்தக் கேமரா கூசவில்லை என்பதே எம் மனக்குறை.

அன்றிரவு பேச்சு காரைக்கால் அம்மையாரிடம் வந்து நின்றது. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் முதலில் வருவது கணவனின் அச்சம். மாங்கனி கையில் வந்து மறைந்ததைக் கண்ட பரமதத்தன் அவரைத் தெய்வமென்று அஞ்சிக் கப்பலேறிப் போகிறான். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, மகளுக்கு அவர் பெயரையே வைத்து, பின்னர் சுற்றத்தார் பார்க்க அவர் காலிலும் விழுகிறான். அதன்பின்தான் அவர் தசையை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெறுகிறார். பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எவரும் அவருக்குத் தலைப்பிடவில்லை. ஆலங்காட்டின் பேய்களை அவர் உள்ளிருந்து, தம் இனத்தாரைப் போல, பார்க்கிறார்.

எங்கள் தொலைக்காட்சிப் பெண்களிடம் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒலிவாங்கியை நீட்டிக் கேட்டவர் எவரையும் நாங்கள் பார்த்ததில்லை. சாமியாடியிடம் கேட்டார்கள், பக்கத்து வீட்டாரிடம் கேட்டார்கள், மாமியாரிடமும் கேட்டார்கள்.