பாட்டியின் முழங்காலும் பொருந்தாத டைல்ஸும்

கக்கூஸைப் பற்றி எல்லாம் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் வயதானவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் கஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் கட்டிய பழைய வீடு ஒன்றை, முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கழிப்பறை. தரையோடு தரையாகப் பதித்த இந்தியன் கோப்பை. பாட்டிக்கு மூட்டுவலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். ஒரு நாள் அந்தக் குழாய் கையோடு வந்துவிட்டால் என்ன ஆகும்?

சரி, வெஸ்டர்ன் வைத்துவிடலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். "கோப்பையை எடுத்தா சுத்தி இருக்கற டைல்ஸ் உடையும். இந்த டைல்ஸ் இப்ப வர்றதில்ல. மொத்தமா பேத்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்கிறார் அவர். தரை புதுசானால் சுவர் பழசாகத் தெரியும். சுவரையும் மாற்றினால் கதவு மட்டும் ஏன் துருப்பிடித்து நிற்க வேண்டும்? செலவு ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் "பொங்கல் கழிச்சுப் பார்க்கலாம்" என்று பேச்சு முடிகிறது. பொங்கலும் வந்து போகிறது. பாட்டி இன்னும் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

மேஸ்திரி சொன்னதில் பொய் இல்லை. இந்தியன் கோப்பை ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். வெஸ்டர்னின் அடிப்பாகமோ அதைவிடச் சிறியது. பழையதை எடுத்தால் வரும் பள்ளத்தைப் புதியது மூடாது, சுற்றிலும் டைல்ஸ் இல்லாத இடம் தெரியும். அதே டைல்ஸ் கடையில் கிடைப்பதும் அபூர்வம். நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அங்கே டிசைன்கள் அடிக்கடி மாறுகின்றன. நிறம் ஒத்துப்போனாலும் அளவு உதைக்கும். பழைய ஒரு அடி டைல்ஸில் 305 மி.மீ. உள்ளவை உண்டு. இப்போது வருவது 300 மி.மீ. நான்கு டைல்ஸ் வரிசையாக வைத்தால் இரண்டு செ.மீ. இடிக்கும்!

ஆனால் டைல்ஸ் பொருந்தாது என்பதற்காகத் தரை முழுவதையும் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதெரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அழகான புது அங்கி ஒன்று கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் அறையில் இருந்த மற்ற சாமான்கள் எல்லாம் மட்டமாகத் தெரிந்தன. நாற்காலி, மேஜை என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, பழைய அங்கியை நினைத்து வருத்தப்பட்டார். ஒரு பொருள் வாங்கினால் அது பத்துப் பொருளை இழுத்து வரும் இந்தப் பழக்கத்துக்கு 1988-ல் கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானிடவியலாளர் 'திதெரோ விளைவு' என்று பெயர் வைத்தார். திதெரோவுக்கு அங்கி என்றால் நமக்கு வெஸ்டர்ன் கோப்பை! வித்தியாசம் ஒன்றுதான். அவர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு வருந்தினார். நாம் எல்லாவற்றையும் வாங்க முடியாது என்று முதல் பொருளையே வாங்காமல் விடுகிறோம். வருந்துவது பாட்டி.

செய்ய வேண்டியது எளிது. உடைந்த ஓரங்களை அப்படியே விடாமல், டைல்ஸின் இணைப்புக் கோடு வரை நேராக வெட்டி எடுத்து ஒரு செவ்வகமாக்கிக் கொள்ள வேண்டும். அதில் சொரசொரப்பான, வேறு நிற டைல்ஸைப் பதிக்கலாம். 'கிட்டத்தட்ட அதே நிறம்' தேடினால்தான் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். புடவையின் கரை வேறு நிறத்தில் இருப்பதை யாராவது குறை சொல்கிறார்களா? கண் மங்கியவர்களுக்கு அந்த நிற வித்தியாசம் கோப்பை இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. பழைய கழிப்பறைகள் பலவற்றில் தரையின் வாட்டமே கோப்பையை நோக்கித்தான் இருக்கும். ஊற்றும் தண்ணீர் அதற்குள்ளேயே போய்விடும். வெஸ்டர்ன் உயரத்தில் நிற்பதால் தண்ணீர் தரையிலேயே தேங்கும். அதற்குத் தனியாக ஒரு வடிகால் வேண்டும். பள்ளத்தை நன்றாக இடித்து நிரப்பி கான்கிரீட் போடாவிட்டால் கோப்பை ஆடும். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் உறுதியான கம்பியும் வேண்டும். டைல்ஸ் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் பேசுகிறவர்கள் இவற்றைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தரை முழுவதையும் பெயர்த்தால் அந்த நாட்கள் கூடும். முழங்கால் வலிக்கிற பாட்டி எத்தனை நாள் அப்படி நடப்பார்?

தட்டினால் டைல்ஸ் பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது, கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிகிறது, தரை முழுக்க வழுக்குகிறது என்றால் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். அது தேவை. ஆனால் 'வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்' என்பது தேவை அல்ல. மொட்டை மாடியில் உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் கலர் கலராகப் பதித்துவிட்டு அழகு என்று சொல்கிற நமக்கு, கழிப்பறையில் நான்கு டைல்ஸ் நிறம் மாறினால் மட்டும் ஏன் மானம் போகிறது?

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஒரு பெட்டி டைல்ஸைப் பரணில் போட்டு வைக்கட்டும். மற்றவர்கள் பொங்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். விருந்தாளி அந்தத் தரையைப் பார்ப்பது வருடத்துக்கு இரண்டு முறை. பாட்டி அதில் கால் வைப்பது தினமும்.