பற்றரிக்கும் மூப்பு உண்டு

முதுமை எவரிடத்தும் சொல்லாமல் வருவதில்லை. அது சொல்வதைக் கேட்கத்தான் நமக்கு நேரமிருப்பதில்லை. மனிதருக்கு மட்டுமன்று, மோட்டார் காரின் பற்றரிக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை நமக்குக் கற்பித்தது.

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்குச் சில மைல் தூரமே. அன்று அதிகாலை அயல்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவருடைய மகன் ஓடிவந்து, “மாஸ்டர், காரை எடுப்பீர்களா?” என்றார். விரைந்து சென்று திறப்பைத் திருப்பினோம். கார் ஒருமுறை முனகியது. பின்னர் ‘டிக், டிக்’ என்னும் ஓசையன்றி வேறொன்றும் எழவில்லை. தொலைபேசியில் அழைத்த முச்சக்கர வண்டி கால் மணி நேரங் கழித்தே வந்தது. பாட்டி இன்று நலமாக இருக்கின்றார். ஆயினும் அக்கால் மணி நேரம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. “சேர், இதற்கு வயது ஐந்தாகிவிட்டது, இனி நம்பக்கூடாது” என்று கராஜ்காரர் கார்த்திகையிலேயே எச்சரித்திருந்தார். தீபாவளிச் செலவைக் காரணங் காட்டித் தள்ளிப்போட்டவர் நாமே.

பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே 1859ஆம் ஆண்டில் ஆக்கிய ஈய மின்கலத்தின் வழிவந்ததே இன்றைய பற்றரி. அதனுள் ஆறு கலங்கள் உள. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ற் தரும். மின் செலவாகும்போது தகடுகளில் ஈயசல்பேற்றுப் படிகின்றது; மின்னேற்றும்போது அது மீள மாறுகின்றது. நெடுநாள் மின் குறைந்து கிடந்தாலோ அப்படிவு கட்டிதட்டி நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டைப் போன்று கார் ஓடாது நிற்கும் நாட்கள் பற்றரிக்குப் பகையாவது இதனாலேயே. நகருக்குச் சென்று திரும்பும் குறும்பயணங்களிலும் அது முழுமையாக நிரம்புவதில்லை.

அங்ஙனமாயின் எப்பொழுது மாற்றுவது? முதலாவது, வயது. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே அதன் ஆயுள். வெப்பம் அதனையும் குறைக்கும். இரண்டாவது, நடத்தை. எஞ்சின் சோம்பித் தொடங்குதல், தொடங்கும்போது முன்விளக்கு மங்குதல், பெட்டி புடைத்தல் ஆகியன எச்சரிக்கைகள். மூன்றாவது, அளவு. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பற்றரியில் வோல்ற்றுமானி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 எனின் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழெனின் வெறுமை.

ஆயினும் அவசரமும் ஆகாது. முனைகளிற் பூத்த துகளைத் துடைத்து, கவ்விகளை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ற் காணப்படாவிடின், குற்றம் மின்னாக்கியிலோ அதன் பட்டியிலோ இருக்கலாம்; அதனைத் திருத்தாது புதுப் பற்றரி வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். முழுமையாக மின்னேற்றிய பின்பும், எஞ்சினைத் தொடக்குகையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழ் இறங்குமாயின், மாற்றுவதே முறை.

மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால், அருகே தீக்குச்சி கொளுத்தலாகாது. ஈயம் சிறுவரின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பழைய பற்றரியை வீட்டு மூலையிற் போட்டு வையாது, புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்தல் நன்று.

2020 முதல் 2025 வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய காரே துணை. பௌதிகம் பயிலும் மாணவர்கள் விடுமுறைக் காலையொன்றில் வீட்டுக் காரில் வோல்ற்றுமானியை வைத்துப் பார்க்கட்டும். பாடமும் தெளியும், தந்தையாருக்கும் உதவியாகும்.

பற்றரியின் விலை ஆசிரியர் சம்பளத்துக்குப் பெரிதுதான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மூச்சுக்குத் தவித்த ஒரு மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு வாசலிற் காத்து நின்ற அந்தக் கால் மணி நேரத்துக்கு விலையிட நம்மால் இயலவில்லை. மறுநாளே புதிய பற்றரி வாங்கினோம். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதியும் வைத்திருக்கின்றோம்.