கோதுமைக்குப் பின் அரைத்த அரிசி

ஊர் என்ன சாப்பிடுகிறது என்பது மாவு மில்காரனுக்குத் தெரியும். அப்பா காலத்தில் தென்காசிப் பக்கத்து எங்கள் மில்லுக்குப் பச்சரிசி, கேழ்வரகு, கம்பு வரும். தீபாவளி நெருங்கினால் முறுக்குக்கு உளுந்து வரும். கோதுமை எப்போதாவது. இன்று வரிசையில் நிற்கும் தூக்குவாளிகளில் பாதி கோதுமைதான். சர்க்கரை வந்ததும் ராத்திரிச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிவிடுகிறார்கள். பரோட்டாக் கடைக்குப் போகும் மைதா மூட்டை என் கணக்கில் வராது.

கோதுமையால் என் பிழைப்பும் நடக்கிறது, அதைத் திட்ட நான் வரவில்லை. ஆனால் கோதுமை இவ்வளவு வந்த பிறகும், அதைச் சாப்பிட்டால் சிலருக்குக் குடலே கெடும் என்ற பேச்சு இங்கே வரவில்லை. அந்த நோய்க்கு சீலியாக் என்று பெயர். எனக்கு அதைச் சொன்னவர் ஒரு வாடிக்கையாளர்.

"அண்ணாச்சி, காலையில மில்லத் தொறந்ததும் மொத அரைப்பு எனக்குத் தாங்க. கோதுமை ஓட்டுன கல்லுல வேண்டாம்" என்று இடியாப்ப அரிசியோடு வந்து நின்றார். பக்கத்தில் நின்ற பாட்டி, "ஏம்மா, கோதுமைக்குத் தீட்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அவர் மகளுக்குப் பதினான்கு வயது. வகுப்பிலேயே குட்டை. ரத்தம் ஏறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை, டானிக், பூச்சி மருந்து, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "பிள்ளை சரியாச் சாப்பிடமாட்டா" என்று பழி அம்மா மேல் விழுந்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், போட்ட இரும்பு எங்கே போகிறது என்று யோசித்து ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவு கிழியாமல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் உள்ளவர் இதைச் சாப்பிட்டால் அவருடைய எதிர்ப்புச் சக்தியே அவர் சிறுகுடலைத் தாக்குகிறது. குடலின் உட்புறம் தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி இழை இழையாக இருக்க வேண்டியது, வழவழவென்று தேய்ந்துவிடுகிறது. சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள். அவை போனால் இரும்பும் கால்சியமும் உடம்பில் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். பலருக்கு வெறும் ரத்தசோகை, எலும்புத் தேய்வு, வளர்ச்சிக் குறைவு, பிள்ளைப்பேறு தள்ளிப்போவது என்று வேறு வேடத்தில் வரும். மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு அது கஷ்டமா? இட்லி, தோசை, இடியாப்பம், கூழ், களி எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் அரிசி மாவு என் மில் வழியாகத்தானே போகிறது. மிளகாய்க்குத் தனி எந்திரம் வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் இடியாப்பம் உறைக்கும். கேழ்வரகு ஓட்டிய கையோடு பச்சரிசியைக் கொட்டினால் நிறம் காட்டிக்கொடுக்கும், சண்டைக்கு வருவார்கள். கோதுமைக்குப் பின் அரிசி போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. நிறமில்லை, காரமில்லை. கல்லிடுக்கிலும் மாவு விழும் துணிக்குழாயிலும் ஒரு கை மாவு எப்போதும் தங்கியிருக்கும்.

ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க நம் உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ அரிசி மாவைக் கெடுக்க ஒரு சிட்டிகை போதும். பெருங்காயமும் அப்படித்தான். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும், ஆங்கிலத்தில். சாம்பாருக்குள் கோதுமை போவதை எந்த அம்மா கண்டுபிடிப்பார்?

'அது வடநாட்டு வியாதி' என்று ஒரு படித்த ஆளே என்னிடம் சொன்னார். பாதி உண்மை. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வடக்கே நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கில், வேலூர்ப் பக்கம் எடுத்த கணக்கில், ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடம் என்றால் தெற்கில் 36 பேரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வராது என்பது சரி. ஆனால் அந்த 25 கிராம் என் வரிசையில் ஏறிக்கொண்டே போவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆயிரத்துக்கு ஒருவர் ரத்தத்தில் அந்த அடையாளம் என்றாலே தமிழ்நாட்டின் ஏழு கோடிப் பேருக்கு எழுபதாயிரம் வருகிறது.

அதனால் டாக்டர்களிடம் ஒரு விண்ணப்பம். மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாத பிள்ளைக்கு நான்காவது டானிக் எழுதும் முன் சீலியாக் ரத்தப் பரிசோதனையையும் யோசியுங்கள். படிப்பவர்களுக்கு ஒன்று: சந்தேகம் வந்ததும் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். யூடியூப் பார்த்து உடம்பு இளைக்கக் கோதுமையை விடுகிறவர்கள் வேறு கட்சி, அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

எங்கள் மில்லில் இப்போது ஞாயிறு மாலை கல்லைக் கழற்றித் துடைத்து, துணிக்குழாயை மாற்றிவிடுகிறோம். திங்கள் காலை முதல் ஒரு மணி நேரம் அரிசியும் சிறுதானியமும் மட்டும். முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். கோதுமைக்குத் தனி எந்திரம்தான் தீர்வு, அதற்குக் கடன் கேட்டிருக்கிறேன். ஊருக்கு ஒரு மில் இதைச் செய்தாலும் பல வீடுகளுக்கு உதவும்.

அந்த அம்மாளின் மகன் நான்காம் வகுப்பு. உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்கச் சொன்னதால் எடுத்தார்கள். ஒரு வயிற்றுவலிகூட இல்லாத அவனுக்கும் இருந்தது. அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம், பசியோடு வந்த பிள்ளைகள் இப்போது தெம்பாக உட்கார்கிறார்கள். ஆனால் ரவை உப்புமா, சேமியா கிச்சடி என்று வரும் நாட்களில் இவன் வீட்டிலிருந்து கொண்டுபோகிறான். அரிசி உப்புமாவும் அந்தத் திட்டத்துப் பட்டியலில் உள்ள பண்டம்தான். டாக்டர் சீட்டு காட்டும் பிள்ளைக்குத் தனிப் பாத்திரத்தில் அதைக் கிண்டித் தரச் சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வந்தால் போதும். சமைக்கும் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். பாத்திரம் கொடுத்தால் செய்துவிடுவோம் என்றார்கள்.